கையெழுத்தும் கால்வழியும்: திருகோணமலைக் குடும்ப ஏடுகள் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழர் வரலாற்றை ஆராயப் புகுவோர் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அந்நியர் எழுதிவைத்த குறிப்புகள் ஆகியவற்றையே முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். அரசரையும் படைத்தலைவரையும் கொடையாளரையும் அறிதற்கு அவை பெரிதும் உதவுகின்றன. ஆயின், நம் பாட்டனுக்குப் பாட்டன் யாவர், எவ்வூரினர், எத்தொழில் புரிந்தார், எழுத்தறிந்தவரா என்னும் வினாக்களுக்கு அவை விடையிறுப்பதில்லை. இவ்வினாக்களுக்கு ஓரளவேனும் விடை தரவல்ல பொருள் ஒன்று நம் வீடுகளிலேயே இருந்துவந்தது. பெட்டகத்தின் அடியிலோ, பரணின் மூலையிலோ, சாமியறையிற் பட்டுத்துணியாற் சுற்றப்பட்டோ கிடந்த ஓலையேடே அப்பொருளாகும். அது கையால் இயற்றப்பட்டது. ஒருவர் கைப்பட எழுதப்பட்டது. தந்தையிடமிருந்து மகனுக்கும் மாமனிடமிருந்து மருமகனுக்கும் கைமாறி வந்தது. அதனைப் படித்தறிவது ஒருபுறமிருக்க, அதனையே ஒரு பொருளாகக் கொண்டு நோக்குமிடத்து முன்னோரைப்பற்றி யாது அறியலாம் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். திருகோணமலை இதற்கு ஏற்ற களம். கல்லிற் பொறித்தவை அழிந்து, ஓலையில் எழுதியவை எஞ்சிய ஊர் அது.

திருகோணமலை உட்டுறைமுகத்தை நோக்கிய மேட்டுநிலத்தில் ஓர்ஸ் ஹில் என்னும் பகுதி அமைந்துள்ளது. ஆங்கிலேயர் ஒருவரின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் மக்கள் அதனை உவர்மலை என்பர். ஒலியால் நெருங்கிய இவ்விரு பெயர்களுள் ஒன்று அரசாங்க முகவரியிலும் மற்றொன்று ஊரார் நாவிலும் வாழ்கின்றன. விவேகானந்தாக் கல்லூரியும் அரசாங்க அலுவலகங்களும் உத்தியோகத்தர் விடுதிகளும் உள்ள இப்பகுதியில், கொட்டியாபுரப் பற்று, தம்பலகாமப் பற்று, கட்டுக்குளப் பற்று ஆகியவற்றிலிருந்தும் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய இடங்களிலிருந்தும் வந்து வாழ்வோர் உளர். உத்தியோகத்தின் பொருட்டு வந்தோர் சிலர். உயிர் காக்கும் பொருட்டு வந்தோர் பலர். இடம்பெயர்வோர் எடுத்துச்செல்லும் பொருள்கள் சிலவே. காணி உறுதி, நகை, அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் என்பனவற்றோடு ஏட்டுக்கட்டையும் எடுத்துச்செல்ல எண்ணுபவர் அரியர். அவ்வாறு எடுத்துவரப்பட்ட ஏடுகளும், வராது மாண்ட ஏடுகளும் சேர்ந்ததே இம்மாவட்டத்துக் குடும்பங்களின் எழுதப்படாத வரலாறு.

திருகோணமலைக் குடிகளின் முன்னோரைப்பற்றிப் பேசுவோர் எவரும் கோணேசர் கல்வெட்டைக் குறிப்பிடாது விடுவதில்லை. கவிராசவரோதயன் பெயரால் வழங்கும் அந்நூல், பாட்டும் உரைநடையும் விரவியது. குளக்கோட்டன் கோணேசர் கோயிலைத் திருப்பணி செய்து, குளங்கட்டி, வயல்நிலங்களை வகுத்து, கோயிற் பணிகளைச் செய்தற்குத் தானத்தார், வரிப்பத்தார் என்னும் குடிகளைச் சோழநாட்டுப் பகுதிகளிலிருந்து வருவித்து இருத்தினான் என்றும், அவர்களுள் எழும் வழக்குகளைத் தீர்த்து ஆளுதற்குத் தனியுண்ணாப் பூபாலனை மதுரையிலிருந்து அழைப்பித்தான் என்றும் அது கூறுகிறது. இன்ன பணி இன்ன குடிக்கு உரியது என்னும் வகுப்பு அதில் விரிவாக இடம்பெறுகின்றது. கல்வெட்டு என்பது அதன் பெயர். ஆயினும் அது நமக்குக் கிடைத்தது ஓலையிலேயே. 1624ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலைத் தகர்த்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டுவித்தபோது, கல்லில் இருந்தவை கோட்டை மதிலாயின. ஓலையில் இருந்தவை வீடுகளில் ஒளிந்து பிழைத்தன.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் இவ்வூரிலே உண்டு. 1950ஆம் ஆண்டில் நகரசபையினர் கிணறு தோண்டுவித்தபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன் முதலிய செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அவற்றை அழிவுக்கு அஞ்சிப் புதைத்தவர்கள் யாரேனும் ஒரு குடும்பத்தினராகவோ ஒரு குடியினராகவோ இருத்தல் வேண்டும். புதைத்த இடத்தை அவர்கள் தம் மக்களுக்குக் கூறினரோ, கூறியதை மக்கள் மறந்தனரோ, எவ்வாறாயினும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அத்திருமேனிகள் இருந்த இடம் ஊரில் எவருடைய நினைவிலும் இல்லை. திருமேனி எஞ்சியது, அதனைக் காத்தவனின் பெயர் மறைந்தது. ஏட்டில் நிகழ்ந்ததோ வேறு. முதற்படி எழுதப்பட்ட ஓலை மக்கி அழிந்தது. அதிலிருந்த செய்தி படிமேற் படியாக எழுதப்பட்டு எஞ்சியது. ஒவ்வொரு படியிலும் அதனை எழுதிய கையின் சுவடு பதிந்தது. நாம் தேடவேண்டிய முன்னோன் அக்கைக்கு உரியவனே.

ஏட்டை இயற்றும் முறையை அறிந்தாலன்றி அதன் மொழியை அறிதல் இயலாது. பனையின் முற்றாத இளவோலைகளைத் தெரிந்து வெட்டி, ஈர்க்கை நீக்கி, நிழலில் உலர்த்தி, நீரில் இட்டு அவித்து, மீண்டும் உலர்த்தி, சங்கினாலோ வழுவழுப்பான கல்லினாலோ தேய்த்து மெருகேற்றுவர். பின்னர் ஒரே அளவாக நறுக்கி, துளையிட்டு, எழுத்தாணியாற் கீறி எழுதுவர். கீறிய எழுத்துக் கண்ணுக்குப் புலப்படும்பொருட்டுக் கரியும் பச்சிலைச் சாறும் மஞ்சளும் கலந்து பூசித் துடைப்பர். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்து, ஒரு துளையிற் கயிறும் மற்றையதில் நாராசமும் கோத்துக் கட்டுவர். கயிற்றின் நுனியிலுள்ள கிளிமூக்கு ஓலைத்துண்டாகவும் இருக்கலாம், செம்பாகவும் இருக்கலாம். கிளிமூக்கையும் சட்டத்தையும் பார்த்த மாத்திரத்தே அவ்வீட்டின் செல்வநிலையை ஒருவாறு மதிப்பிடலாம். சிங்கள மக்கள் தம் நூல்களுக்குப் பெரும்பாலும் தாளிப்பனையின் அகன்ற ஓலையைப் பயன்படுத்தினர். தமிழர் ஏடுகளோ பெரும்பாலும் பனையோலையில் அமைந்தவை. தமிழ் வீடொன்றில் தாளிப்பனை ஏடு காணப்படுமாயின், அவ்வோலை எங்கிருந்து வந்தது, அக்குடும்பத்தார் கண்டிநாட்டுப் பகுதிகளோடு கொண்ட தொடர்பு யாது என்று கேட்பதற்கு அது இடந்தருகிறது.

எழுதியவனை அறிதற்கு ஏட்டின் முதலும் இறுதியுமே சிறந்த இடங்கள். முதலிலுள்ள காப்புக் குறிப்பு அவன் வழிபட்ட தெய்வத்தைக் காட்டும். கணபதி துணை என்று மட்டும் எழுதி அமைந்தவனும் உண்டு. ஊர்த் தெய்வத்தின் பெயரையும் சேர்த்து எழுதித் தன் ஊரைக் காட்டிக்கொடுத்தவனும் உண்டு. இறுதியில் எழுதி முகிந்தது என்னும் வழக்குத்தொடரை ஒட்டி ஆண்டு, மாதம், நாள், கிழமை, இன்னார் மகன் இன்னார், யாருக்காக எழுதியது என்பன வரும். பிழை பொறுக்குமாறு வேண்டுவதும், ஏட்டை எடுத்தவர் திருப்பித் தருமாறு கேட்பதும், தராதவர்க்குப் பாவம் சேருமென எச்சரிப்பதும் உண்டு. இரவல் கொடுத்த நூலைத் திரும்பப் பெறுவதில் நம் முன்னோர் பட்ட இடர் நாம் படும் இடரினின்றும் வேறன்று!

இக்குறிப்புகளைக் காலக்கணிப்புக்குப் பயன்படுத்துவதில் ஒரு பெருஞ்சிக்கல் உண்டு. ஆண்டு பெரும்பாலும் பிரபவ முதலிய அறுபதாண்டு வட்டத்தின் பெயராலேயே குறிக்கப்படும். சுபானு என்று ஏடு கூறின் அது 1763ஆகவும் இருக்கலாம், 1823ஆகவும் இருக்கலாம், 1883ஆகவும் இருக்கலாம். இத்துடன் நம் பெயரிடும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடுவது தமிழர் மரபு; பேரன் என்னும் சொல் பிறந்ததே அதனால். யாழ்ப்பாண வழக்கிற் பேரன் என்பது பாட்டனையே குறிப்பதும் இவ்விருவரும் ஒரு பெயரினர் என்பதை நினைவூட்டுகிறது. கந்தன் மகன் வேலன், வேலன் மகன் கந்தன், கந்தன் மகன் வேலன் என்று வழி செல்லும்போது ஒரே பெயர் இரு தலைமுறைக்கு ஒருமுறை மீள்கிறது. இரு தலைமுறை என்பது ஏறத்தாழ அறுபது ஆண்டு. ஆகவே ஆண்டின் பெயரும் ஆளின் பெயரும் ஒருசேர மீண்டு வந்து, பாட்டனையும் பெயரனையும் ஒருவராக மயங்கச் செய்கின்றன. குடும்ப மரம் வரைவோர் பலர் இவ்விடத்திலேயே இரு தலைமுறையைத் தொலைத்துவிடுகின்றனர்.

இம்மயக்கத்தைத் தீர்க்கும் வழியும் ஏட்டிலேயே இருக்கின்றது. சூரிய மாதத்தின் அதே தேதி அறுபதாண்டு கழித்து வரும்போது அதே கிழமையில் வருவதில்லை. அறுபது ஆண்டில் உள்ள நாள்களை ஏழால் வகுத்தால் மீதி ஐந்தரை நாளளவு ஆகிறது. ஆதலின் கிழமை ஐந்தோ ஆறோ நாள் தள்ளிப்போகும். சுபானு வருடம் இன்ன மாதம் இன்ன தேதி வியாழக்கிழமை என்று எழுதியிருக்குமாயின், அத்தேதி எந்த வட்டத்தில் வியாழனாக அமைந்தது என்று கணித்து ஏனைய வட்டங்களைத் தள்ளிவிடலாம். நாண்மீனும் திதியும் குறிக்கப்பட்டிருப்பின் முடிவு மேலும் உறுதிப்படும். பழைய பஞ்சாங்க அட்டவணைகள் கொண்டு செய்யப்பட்டுவந்த இக்கணக்கை இன்று மாணவர் எவரும் கணினியிற் சில நொடிகளிற் செய்துவிடலாம்.

சாதக ஓலையின் நிலை இதனினும் சுவையானது. குடும்பங்களில் எஞ்சியுள்ள கையெழுத்து ஓலைகளுள் சாதகக் குறிப்புகள் குறிப்பிடத்தக்க இடம் பெறுவன. பலர் இவற்றைச் சோதிடநம்பிக்கையின் எச்சமாகக் கருதி ஒதுக்குவர். வரலாற்று மாணவனுக்கோ அவை பிறப்புப் பதிவேடுகள். அரசாங்கம் பிறப்புகளைப் பதியத் தொடங்குமுன்னர்ப் பிறந்த ஒருவரின் பிறந்த நாளையும் நாழிகையையும் பெற்றோர் பெயரையும் வேறெங்கும் காணல் அரிது. ஆண்டுப்பெயர் சிதைந்திருந்தாலும் இராசிச் சக்கரம் எஞ்சியிருப்பின் போதும். ஆனால் இங்கும் ஒரு பொறி உண்டு. சனி வானத்தை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டும் வியாழன் பன்னிரண்டுக்குச் சற்றுக் குறைவான ஆண்டும் எடுக்கின்றன. எனவே அறுபதாண்டு முடிவில் இரண்டும் தாம் நின்ற இராசியையோ அதன் அயலையோ மீண்டும் சேர்கின்றன. சனியையும் வியாழனையும் மட்டும் நோக்குவோன் பாட்டனுடைய சக்கரத்தையும் பெயரனுடைய சக்கரத்தையும் வேறுபடுத்த இயலாது திகைப்பான். அவனுக்குத் துணை இராகுவே. பதினெட்டரை ஆண்டளவில் ஒரு சுற்றை முடிக்கும் இராகு, அறுபதாண்டில் மூன்று சுற்றும் முடித்து, மேலும் மூன்று இராசியளவு பின்னோக்கிச் சென்றுவிடும். பழிக்கப்பட்ட கிரகமொன்று வரலாற்றுக்குச் செய்யும் தொண்டு இது.

எழுத்தைப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடில்லை. வீரமாமுனிவர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் சீர்திருத்தம் பரவிய பின்னரும் ஏடெழுதுவோர் பலர் பழைய வழக்கையே பின்பற்றினர். ரகரமும் காலும் ஒரே தோற்றத்தன. சேந்தன் என்ற பெயரும் செந்தன் என்ற பெயரும் ஓலையில் ஒன்றாகவே தோன்றும். ஆதலின் ஏட்டில் வாசித்த பெயரை உடனே குடும்ப மரத்தில் ஏற்றிவிடாது, அதே கை எழுதிய வேறிடங்களோடு ஒப்பிட்டுத் துணிதல் முறையாகும்.

இனி, பிழைகளைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். பதிப்பாசிரியருக்குப் பிழை பகை. மூலபாடத்தைக் காண அவர் அதனைக் களைந்தெறிவார். முன்னோரைத் தேடுவோனுக்கோ பிழை உறவு. பேச்சுவழக்கு எழுத்தினுள் நுழைந்த இடங்களில் எழுதியவனின் ஊர்மொழி கேட்கிறது. செய்யுளில் ஒரு சீர் விடுபட்டும் பொருள் சிதைந்தும் இருப்பின் அவன் யாப்பறியாதவன். நூலைப் புலமைக்காகவன்றித் தேவைக்காகப் படியெடுத்தவன். மருத்துவ ஏடுகளில் இது தெளிவாகப் புலப்படும். பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய வைத்திய நூல்களின் பகுதிகளைப் பரியாரியார் குடும்பங்கள் தம் தேவைக்கேற்பப் படியெடுத்து வைத்திருந்தன. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரராசசேகரத்தை அச்சேற்ற முயன்றபோது நாடவேண்டியிருந்தது இத்தகைய குடும்ப ஏடுகளையே. இவ்வேடுகளின் ஓரங்களிலும் இடைச்செருகிய நறுக்குகளிலும் நூலில் இல்லாத மருந்துகளும் அளவுகளும் வேறு கையால் எழுதப்பட்டிருத்தல் உண்டு. அவ்வெழுத்து மகனுடையதாயின், தந்தை கைக்கொண்ட முறையை அவன் தன் அனுபவத்தால் எவ்விடத்தில் திருத்தினான் என்பது வெளிப்படும். கைபட்டுக் கறுத்து, ஓரம் தேய்ந்த ஏடு எது, எழுதிய நாள்தொட்டு விரிக்கப்படாத ஏடு எது என்று பார்த்தாலும் போதும். அவ்வூரைப் பிடித்த நோய் எதுவென ஊகிக்கலாம். முன்னோரின் பெருமையை நூலின் தலைப்பும், அவர்தம் வாழ்க்கையை ஓலையின் அழுக்கும் காட்டும் என்பதே என் துணிபு.

ஏடு பலரறியப் படிக்கப்பட்டதும் உண்டு. கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது வழக்குரை படிக்கும் வழக்கம் இன்றும் நிலவுகிறது. வி. சீ. கந்தையா 1968இல் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்தபோது அச்சுக்கு வந்த அந்நூல், அதுவரை கோயில்களிலும் கோயிலைச் சார்ந்த குடும்பங்களிலும் ஏட்டுருவில் பேணப்பட்டுவந்தது. படிக்கும் உரிமை வழிவழி வந்தது. ஏடு அவ்வுரிமையின் சான்றாயிற்று. கூத்துக்களரியில் ஏட்டண்ணாவியார் கையிலிருந்த ஏடும் இத்தகையதே. இவ்வாறு நோக்கும்போது குடும்ப ஏடு என்பது வெறும் நினைவுப் பொருளன்று என்பது புலனாகும். அது ஓர் உரிமைப் பத்திரம். கோயிலில் முதல் மரியாதை, வயலிற் பங்கு, திருவிழாவில் ஓரிடம் என்பன அதனோடு பிணைந்திருந்தன.

இங்கேதான் ஆராய்ச்சியாளன் விழிப்பாயிருத்தல் வேண்டும். உரிமைக்காகப் பேணப்பட்ட ஏடு உரிமையை நிலைநாட்டும் வகையிலேயே முன்னோரைச் சித்திரிக்கும். கோணேசர் கல்வெட்டு கூறும் குடியேற்றத்தை ஓர் ஆண்டின் நிகழ்ச்சியாகவும், இன்றுள்ள குடும்பங்களை அவ்வாண்டிற் கப்பலேறி வந்தோரின் நேர்வழியினராகவும் கொள்வது எளிது. உள்ளத்துக்கு உவப்பானதுங் கூட. ஆயின் பல காலத்து வந்தோரும், முன்னரே இங்கு இருந்தோரும், கோயிற் பணியின் ஒழுங்குக்குள் ஒரு கதையின்கீழ்க் கொண்டுவரப்பட்டிருத்தல் கூடும். திருகோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்தருகில் உள்ள வெல்கம் விகாரையை நோக்குக. நாதனார் கோயில் என்றும் வழங்கப்பட்ட அப்பௌத்தப் பள்ளி, சோழர் ஆட்சியில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றது. அங்குள்ள தமிழ்ச் சாசனங்கள் விளக்குக்கும் பசுக்களுக்கும் பொருளளித்த அடியார்களைக் குறிப்பிடுகின்றன. தமிழ் பேசி, தமிழில் எழுதுவித்து, பௌத்தப் பள்ளிக்கு விளக்கேற்றிய அவர்களும் இம்மண்ணின் முன்னோரே. எந்த ஏட்டிலும் அவர்கள் எவருக்கும் பாட்டனாராகக் குறிக்கப்படவில்லை.

கோயிலுக்குப் பறை முழக்கியோர், குடம் வனைந்தோர், ஆடை வெளுத்தோர் ஆகியோரின் நிலையும் எண்ணத்தக்கது. பணிவகுப்பில் அவர்களுக்கு இடமுண்டு. ஏடு வைத்திருக்கும் வாய்ப்பு இல்லை. கல்வி மறுக்கப்பட்டோர் எழுத்தாணி பிடித்திலர். ஏடு இல்லாமையால் முன்னோர் இலர் என்றாகிவிடாது. பறையும், தட்டும், வனைசக்கரமும், அவற்றைக் கையாளும் கையின் பழக்கமும் அவர்கள்தம் ஏடுகள்; அவற்றைப் படித்தற்குரிய இலக்கணத்தை நம் பல்கலைக்கழகங்கள் இன்னும் போதிய அளவு வகுக்கவில்லை. பெண்களைப்பற்றியும் இவ்வாறே கூறலாம். அவர்கள் இழைத்த பன்பாயும் பனையோலைப் பெட்டியும் கொட்டப்பெட்டியும் தாயிடமிருந்து மகளுக்குச் சென்றன. அதே பனையின் ஓலைதான். ஆயின் அதில் எழுதிய ஆணின் பெயர் இறுதிக்குறிப்பில் நிற்க, அதனை இழைத்த பெண்ணின் பெயர் எங்கும் நிற்கவில்லை. பாயின் ஓரத்துச் சாயக்கோலம் இன்ன ஊரினது என்று மூதாட்டியர் சொல்லக்கூடியவர். அக்கோலங்களைத் தொகுத்து ஊர்வாரியாக ஆராய முற்படுவோர்க்கு அவர்கள் வாழும் நாளே எல்லை.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் வழிமுறையை நினைவிற் கொள்ளும்பொருட்டு வெட்டுகள் செதுக்கிய கோலொன்றைப் பேணினர். ஒவ்வொரு வெட்டும் ஒரு முன்னோன். வெட்டைத் தொட்டுக்கொண்டே வழிமுறையை ஓதுவர். கோல் மட்டும் காட்சிச்சாலைக்குச் சென்று, ஓதுவோர் இல்லாது போயின், வெட்டுகள் வெறும் வெட்டுகளே. நம் ஏடு எழுத்துடையதாகையால் அதற்கு அத்துணைத் துன்பமில்லை. ஆயினும் இன்னார் வீட்டு ஏடு என்னும் குறிப்பின்றிச் சேகரிக்கப்பட்ட ஏடு தன் பாதி வரலாற்றை இழந்துவிடுகிறது. முன்னைய சேகரிப்பாளர் நூலைத் தேடினர், நூற்பெயரைக் குறித்தனர், ஏடு கிடைத்த வீட்டை எப்போதும் குறித்தாரல்லர். அவர்கள் நோக்கம் வேறு என்பதால் அவர்களைக் குறைகூறல் பொருந்தாது.

அச்சேகரிப்பாளர் வரிசையில் திருகோணமலையார் பெற்ற இடம் சிறிதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளைக்குப் பதிப்புப் பணியில் துணைநின்ற த. கனகசுந்தரம்பிள்ளை இவ்வூரினர். அவர் இளவல் த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் நூலகப் பணியில் இருந்தவர். 1895இல் மோகனாங்கி என்னும் வரலாற்று நாவலை வெளியிட்டவர். ஊரிலேயே தங்கி ஏடுகளைத் தேடியவர் வே. அகிலேசபிள்ளை (1853–1910). தல வரலாற்றை ஆராய்ந்து அவர் எழுதிய திருக்கோணாசல வைபவம் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. கையெழுத்துப் பிரதி வீட்டில் இருந்தது. பல்லாண்டுகள் கழிந்தபின் அவர் மைந்தர் அழகைக்கோன் அதனை நூலாக்கினார். ஏடுகளைக் காத்தவரின் எழுத்தே ஒரு குடும்பச் சொத்தாகி, மகன் கையாற் காக்கப்பட்டமை இங்கு நினைக்கத்தக்கது.

அழிவின் கணக்கு நீண்டது. ஓலைக்கு இயல்பான பகைவர் ஈரமும் செல்லும் இராமபாணப் பூச்சியும். நம் தட்பவெப்பத்தில் ஓரிரு நூற்றாண்டுக்கு ஒருமுறையேனும் படியெடுக்கப்படாத ஏடு நிலைப்பதரிது. 19ஆம் நூற்றாண்டில் அச்சு பரவியதும் படியெடுக்கும் வழக்கம் நின்றது. அன்றே ஏடுகளின் ஆயுள் எண்ணப்படலாயிற்று. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியர் விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மேற் குண்டு வீசின. 1981 மே மாத இறுதியிலும் யூன் 1ஆம் நாளிலும் எரிந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. 1983இன் பின்னர் இம்மாவட்டத்துத் தமிழ்க் கிராமங்கள் பல மீண்டும் மீண்டும் வெறிச்சோடின. 2004 திசெம்பர் 26இன் கடல்கோள் கரையோர வீடுகளுட் புகுந்தது. நூலகம் எரிந்ததற்கு ஆண்டும் எண்ணிக்கையும் உண்டு. எரிந்த வீட்டுப் பரணில் இருந்த ஏட்டுக்கட்டுக்கு அவை இல்லை.

எஞ்சியவற்றை என்செய்வது? 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனம் அச்சு நூல்களோடு ஓலைச்சுவடிகளையும் படமாக்கி வருகின்றது. படம் எடுப்பது நன்று, எழுத்து எஞ்சும். ஆயின் ஏட்டை வைத்திருந்தோரிடம் சென்று, இது யார் கையால் எழுதப்பட்டது, உங்கள் வீட்டுக்கு எவ்வழி வந்தது, இடம்பெயர்ந்தபோது யார் சுமந்தார், எந்த ஊர்களைக் கடந்தது என்று கேட்டு எழுதிவைப்பது படக்கருவியாற் கூடுவதன்று. ஏடு எழுதிய முன்னோனுக்குப் பின்னர், ஏடு சுமந்த முன்னோள் ஒருத்தியும் அவ்வாறுதான் வரலாற்றில் இடம்பெறுவாள். வினவுவோர் பழந்தமிழ் எழுத்து அறிந்தவராயிருத்தல் வேண்டுமென்பதில்லை. பொறுமை இருந்தாற் போதும். ஏடு வைத்திருப்போரும் அதனைக் கொடுத்துவிடவேண்டியதில்லை. வீட்டிலேயே வைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெயை மெல்லிதாகப் பூசி, கட்டைத் தளரக் கட்டி, சமையலறைப் புகையும் மழைக்காலச் சுவரீரமும் அணுகாத இடத்தில் வைத்தால் ஏடு இன்னும் சில தலைமுறை கிடக்கும்.

விசயதசமி நாளில் உவர்மலையிலும் ஏனைய இடங்களிலும் சிறுவர்க்கு ஏடு தொடக்குவர். புதிதாக நறுக்கிய பனையோலையில் அரிச்சுவடி எழுதி, மஞ்சள் பூசி, பிள்ளையின் கையிற் கொடுப்பது பல வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். வழங்கும் ஓலை அடுத்த வாரம் மறைந்துபோகும். அதன் ஓரத்தில் பிள்ளையின் பெயர், தந்தை தாய் பெயர், ஆண்டு, மாதம், தேதி, கிழமை என்பவற்றை எழுத்தாணியாற் பொறித்து வைப்பதற்கு அதிகம் இடம் தேவையில்லை; ஆண்டைக் கிறித்தவ ஆண்டாகவும் எழுதிவிடின் அறுபதாண்டு வட்டத்தின் தொல்லையும் இராது.